நெல்லுக்கு ஒரே பெட்டி

கீழமருதங்குடிப் பேரூராட்சியின் குப்பைக் கிடங்குக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பெயர் மாற்றினார்கள். வாசலில் பச்சைப் பெயின்டில் 'வளம் மீட்புப் பூங்கா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவையும் வரைந்து வைத்தார்கள். உள்ளே பூச்செடி ஒன்று கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, நாலு உரத்தொட்டி, பின்பக்கம் ஒரு குழி, மிச்ச இடமெல்லாம் ஊர்க் குப்பை. பெயரை மாற்றினால் நாற்றம் போய்விடும் என்று நம்புகிற ஆளுக்குத்தான் ஆபீசில் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போடுகிறார்கள் என்பது பக்கிரியின் அபிப்பிராயம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

பக்கிரி அங்கே குப்பை பிரிக்கிற ஆள். வயது அறுபத்துமூன்று, படிப்பு நாலாவது. மூணு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தவர். ஆற்றுத் தண்ணீர் வயலுக்கு எட்டாத மூன்று வருஷம் அடுத்தடுத்து வந்ததில் நிலத்தை விட்டுவிட்டு, பேரூராட்சி ஒப்பந்தக்காரரிடம் ஆளாகச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. மூட்டையின் முடிச்சைப் பார்த்தே எந்தத் தெருக் குப்பை என்று சொல்லுவார். குலுக்கிப் பார்த்து உள்ளே கண்ணாடி இருக்கிறதென்பார். கூட வேலை செய்கிற நீலாம்பாள் ஒரு சந்தேகம் என்றால் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் தாடையை இப்படி ஆட்டினால் உரத்தொட்டி, அப்படி ஆட்டினால் குழி. அவ்வளவுதான் அந்தக் கிடங்கின் சட்டம்.

சித்திரையில் ஒரு கார் வந்தது. ஐம்பது வயதிருக்கும் அம்மாள் ஒருவர் இறங்கினார். பெயர் அனுராதா. பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு, ஆனால் ஊசி போடத் தெரியாது. எந்தக் கல்லூரி என்று அவர் சொன்னார். பக்கிரி காதில் வாங்கவில்லை. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ராம்கி, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான்.

"ஐயா, நான் குப்பையைப் பத்தி ஒரு ஆன்டாலஜி பண்றேன்" என்றார் அனுராதா.

"அது என்னாத்துக்கு?"

"குப்பையில என்னென்ன பொருள் வருது, எது எதோட வகை, எது எங்கேருந்து வருது, எது எங்க போகணும், எது எதோட சேரக் கூடாது, இதையெல்லாம் உறவுமுறையோட எழுதி கம்ப்யூட்டருக்குப் புரியுற மாதிரி வைக்கிறது. உங்கள மாதிரி அனுபவஸ்தங்க தலையில இருக்குற அறிவு வீணாப் போயிடக் கூடாது பாருங்க."

"குப்பைக்கு ஜாதகம் எழுதப் போறீங்க."

"அப்படியும் வச்சுக்கலாம்" என்று சிரித்தார் அந்த அம்மாள். "அப்புறம் அது போன்ல வரும். பிரிக்கிறவங்க பொருளோட பேரச் சொன்னா, எங்க போடணும்னு அது சொல்லும்."

"பிரிக்கிறவன் நானு. எனக்கு யாரு சொல்லணும்?"

"நீங்க இல்லாதப்ப, ஐயா?"

 பக்கிரி காறித் துப்பிவிட்டு ஒரு மூட்டையை அவிழ்த்தார்.

மறுநாள் கொட்டகைச் சுவரில் பெரிய காகிதம் ஒட்டியாயிற்று. அதில் பெட்டி பெட்டியாக வரைந்து, பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்திருந்தது. உச்சியில் 'குப்பை'. கீழே 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை', 'ஆபத்தான குப்பை'. அதற்கும் கீழே குஞ்சும் குளுவானுமாகச் சின்னப் பெட்டிகள். மரத்தைத் தலைகீழாக நட்டது போல இருந்தது. அதற்கு எல்லோரும் மரம் என்றே பெயர் வைத்தார்கள்.

"மேல இருக்கிறது தாய், கீழ இருக்கிறது பிள்ளை" என்று அனுராதா விளக்கினார். "தாய்க்கு உள்ள குணமெல்லாம் பிள்ளைக்குத் தானா வந்துடும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதவேண்டியதில்ல."

"எம் மவன் ராஜ்குமார் சிங்கப்பூர்ல இருக்கான்" என்றார் பக்கிரி. "எங்கிட்ட உள்ள ஒரு குணமும் அவன்கிட்ட கெடயாது. போன் அடிச்சா எடுக்கிறதுகூட கெடயாது."

நீலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுராதாவும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதைப் பக்கிரி மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை. கேலி பண்ணியாயிற்று என்றால் பாடம் முடிந்தது என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு.

மூன்று வாரம் கேள்வி நடந்தது. அந்த அம்மாளைச் சும்மா சொல்லக் கூடாது. முகத்தில் துணி கட்டாமல் உட்கார்ந்தார், கொடுத்த டீயைக் குடித்தார். ஆனால் கேட்ட கேள்விகள் பக்கிரிக்குப் பிடிபடவில்லை. வாழையிலை எங்கே போகும் என்றார்.

"எந்த எலை?"

"வாழையிலைங்க. ஒரே இலைதானே?"

"கல்யாண மண்டபத்து எலைய மாட்டுக்காரன் வந்து அள்ளிட்டுப் போவான். கருமாதி வீட்டு எலைய எங்கூர்ல மாட்டுக்குப் போட மாட்டான், அது தொட்டிக்குப் போவும். ஓட்டல் எலைல பாதி பிளாஸ்டிக்கு, எலை மாதிரி அச்சடிச்சிருப்பான். அது எலையே இல்ல."

அனுராதா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "பொருள் ஒண்ணு, போற எடம் ரெண்டு. இதை எந்தப் பெட்டியில போடுறது?"

"பொட்டிய வரைஞ்சது நீங்க. என்னக் கேக்குறீங்க."

கடைசியில் இலையின் கீழே இரண்டு பெட்டி வரைந்தார். அதற்கு ஒரு முழு மத்தியானம் போயிற்று. இப்படி ஒரு மத்தியானத்துக்கு ஓர் இலை என்றால் ஊர்க் குப்பை முடிய எத்தனை தலைமுறை ஆகும் என்று பக்கிரி நினைத்தார். நினைத்தாலும், அவர் எதிரில் நாற்காலி போட்டு ஒரு படித்த அம்மாள் அவர் வாயைப் பார்ப்பது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. வீட்டில் அகிலாண்டத்திடம் சொன்னார்.

"குப்பைய அள்ளுறதுக்கு ஒன்னய அறிஞர்னு சொல்றாங்களாக்கும்" என்றாள் அவள். "குளிச்சுட்டு வந்து சாப்புடு."

அந்த இனிப்பு மூன்றாவது வாரம் கசந்தது. பக்கிரி கொட்டகைக்குப் பின்னால் ஒன்றுக்குப் போயிருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் ராம்கி பேசுகிற சத்தம் கேட்டது.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மேடம். இது வந்துட்டா இந்தப் பெருசுங்க தயவு வேணாம். எவனை வேணா வச்சு பிரிச்சுக்கலாம். இவுங்க வாயிக்குப் பயந்துக்கிட்டு ஆள மாத்த முடியாம கெடக்கேன்."

அனுராதா என்னவோ மெதுவாகச் சொன்னார். அது கேட்கவில்லை. கேட்டவரைக்கும் போதும். தன் வாயாலேயே தன் சீட்டைக் கிழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது பக்கிரிக்கு விளங்கியது. அறுபத்துமூன்று வயதில் இந்த வேலை போனால் வேறு எவனும் கூப்பிட மாட்டான். மகன் அனுப்புவதை நம்பி உட்கார்ந்தால் அது சிறைச்சாப்பாடு. இந்தக் கிடங்கில் தாடையை ஆட்டுகிற அதிகாரம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

சரி, மரத்தில் ஒரு ஓட்டை விட்டுவைப்போம் என்று முடிவு செய்தார்.

ஓட்டை தானாகவே வந்து வாய்த்தது. மறுநாள் நெல்லைப் பற்றிக் கேட்டார் அனுராதா.

கிடங்குக்கு நெல் இரண்டு விதமாக வரும். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பு முடிந்ததும் கொள்முதல் நிலையத்தில் தரையைக் கூட்டி அள்ளுகிற நெல் ஒன்று. மண்ணும் கல்லும் கலந்திருக்கும், ஆனால் தின்கிற நெல். வாத்து மேய்க்கிற இளையபெருமாள் வந்து வாங்கிக்கொண்டு போவார். இன்னொன்று, அதே மாசங்களில் சம்பா விதைப்பு முடிந்த கையோடு வருவது. விதைக் கடையில் விற்காமல் கெட்டுப்போன மூட்டையும், விதைத்தது போக வீட்டில் மிஞ்சியதும். அதில் பூசணத்துக்கு மருந்து கலந்து சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதற்கு மருந்து நெல் என்று பெயர். தின்றால் குடல் போய்விடும். நேராகக் குழிக்குப் போய்ச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். இதில் சூட்சுமம் என்னவென்றால், இரண்டு மழை நனைந்தால் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும், மருந்து போகாது. அப்புறம் கண்ணுக்கு இரண்டும் ஒரே நெல்தான். பக்கிரி மோந்து பார்த்துச் சொல்லுவார்.

"நெல்லு வருமா ஐயா?"

"வரும். கொள்முதல்ல கூட்டின நெல்லு. வாத்துக்கு, மாட்டுக்குப் போடலாம்."

"வேற மாதிரி நெல்லு ஏதாவது?"

பக்கிரி ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"நெல்லுன்னா நெல்லுதான். அதுல என்னா வேற மாதிரி."

நீலாம்பாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கிரி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். அனுராதா 'தானியம்' என்ற பெட்டிக்குக் கீழே 'நெல்' என்று ஒரே ஒரு பெட்டி வரைந்து, 'கால்நடைத் தீவனம்' என்பதற்குக் கோடு இழுத்தார்.

பக்கிரியின் கணக்கு இது: புரட்டாசியில் மருந்து நெல் வரும். போனைக் கேட்பார்கள். போன் தெரியாது என்று முழிக்கும். அப்போது பக்கிரியைக் கூப்பிடத்தான் வேண்டும். ஒரு பயலும் அவரை நீக்க முடியாது.

வைகாசிக் கடைசியில் மரத்தை முழுசாக வாசித்துக் காட்டி, "எல்லாம் சரியா ஐயா?" என்று கேட்டார் அனுராதா. "சரி" என்றார் பக்கிரி. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். போட்டோ எடுத்தார்கள். அதற்கும் நின்றார்.

ஆடியில் போன் வந்தது. பதினோரு பேரூராட்சிக் கிடங்குக்கும் ஒவ்வொன்று. வலங்கைமானில் ஒரு மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி என்றால் சாம்பார் சாதமும் ஒரு தொப்பியும். அங்கேதான் ஓடத்துறைக் கிடங்கு ஆள் மாரியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கடற்கரை ஆள். மூன்று தலைமுறையாகப் படகு. படகு போனபிறகு பெண்டாட்டி எல்லையம்மாளைக் கூட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் பிழைக்க வந்தவன். மீனைத் தவிர எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது.

"அண்ணே, இதுல இருக்குறது பூரா நீங்க சொன்னதாமே" என்றான். "போன்ல எதக் கேட்டாலும் கீழ உங்க பேரு வருது."

"கடல்காரனுக்கு குப்பையில என்னா தெரியும்" என்றார் பக்கிரி.

"தெரியாதுண்ணே. அதான் உங்க பேர நம்பிக் கெடக்கேன்."

அது பரிகாசமா, பணிவா என்று பக்கிரிக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் வாங்கிக்கொண்டார்.

புரட்டாசி இரண்டாவது வாரம், கீழமருதங்குடிக்கு முதல் மருந்து நெல் வந்தது. சிவப்பாக, விதைக் கடைப் பையோடு. பக்கிரி போனை எடுத்தார். அது முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"விதை நெல்லு. மருந்து போட்டது" என்று அதனிடம் சொன்னார்.

போன் முழிக்கவில்லை. அவர் சொன்னதில் நெல் என்பதைப் பிடித்துக்கொண்டு, அதன் தாயைத் தேடிப் போய், பெண் குரலில் பதில் சொன்னது: "நெல். தானிய வகை. கால்நடைத் தீவனமாகப் பயன்படுத்தலாம். ஒப்புதல் அளித்தவர், பக்கிரி."

மறுபடி சொன்னார். மறுபடியும் அதே. "செவப்பு நெல்லு." அதே. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். மரத்தில் காலி இடம் கிடையாது. பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் தாய் பேசுகிறாள். இதைத்தான் அந்த அம்மாள் சித்திரையில் சொன்னார், இவர் மகனைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருந்தார்.

"இது தப்பாச்சே" என்றாள் நீலாம்பாள். "சொல்லிடுவமா?"

"எவன் கண்ணு அவிஞ்சவன்? செவப்பா இருக்குறத மாட்டுக்குப் போடுவானா? சும்மா கெட."

மூட்டையைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினார். அன்றைக்கே ஆபீசுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. போகவில்லை. போனால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் ராம்கிக்கு அதுதான் தீபாவளி.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் மாரியப்பனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நல்லாருக்கீங்களா. ரெண்டு மூட்டை நெல்லு வந்து சேந்துச்சுண்ணே. எவனோ மழையில ரோட்டோரம் போட்டுட்டுப் போயிருக்கான். போனக் கேட்டேன், தீவனம்னு சொல்லிச்சு. உங்க பேரும் சொல்லிச்சு. வாத்துக்கு ரெண்டு கை போட்டா எங்க வீட்டுல. அப்புறம் பாத்தா நெல்லு வெள்ளையா நல்லாத்தான் இருக்கு, ஏன் வாத்துக்குப் போடணும், அவிச்சுக் காயவச்சு அரைச்சுக்கலாம்கிறா. அண்டா ஏத்திட்டா. உங்களுக்கும் ரெண்டு படி அனுப்பலாம்னுதான் கூப்புட்டேன்."

பக்கிரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பையி எப்புடி இருந்துச்சு? வாயி மிஷின் தையலா? கடைப் பேரு போட்டுருந்துச்சா?"

"பேரெல்லாம் அழிஞ்சு கெடக்கு. மிஷின் தையல்தான். ஏண்ணே?"

"அத வாயில வச்சுறாத. அண்டாவ எறக்கு. அது மருந்து நெல்லு."

 மாரியப்பன் குரல் மாறியது.

"உங்க பேரு போட்டு தீவனம்னு இருக்கு. இப்ப வேணாம்கிறீங்க. நெல்லு வேணும்னா கேளுங்கண்ணே, பாதி தர்றேன். இப்புடிச் சுத்தி வளைக்கவேணாம்."

வைத்துவிட்டான். பக்கிரி திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஓடத்துறைக்கு ஒரு மணி நேரம். மழை பெய்த ரோட்டில் ஒன்றேகால். வழியெல்லாம் அறுத்த வயலும் நட்ட வயலும் மாறி மாறி வந்தன. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் இரண்டு முறை, "கொஞ்சம் வெரசாப் போவச் சொல்லு தம்பி" என்றார். "பெரியவரே, அவரு பஸ்ஸு ஓட்டுறாரு, ராக்கெட்டு இல்ல" என்றான் கண்டக்டர்.

மாரியப்பன் குடிசை, கிடங்கு வேலியை ஒட்டி இருந்தது. அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எல்லையம்மாள் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டாரு, பேரு போட்டவரு" என்றாள். "தின்னுன்னு சொல்றதும் நீங்க, துப்புன்னு சொல்றதும் நீங்க."

பக்கிரி மூட்டைக்குள் கை விட்டு அள்ளி மோந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. "வாத்து எங்க?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வேலியோரத்தில் ஒன்பது வாத்துகள். ஐந்து தண்ணீரில் நின்றன. மூன்று கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. எல்லையம்மாள் போய் அதைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். தலை ஆடியது. அதைக் கீழே வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் கிடந்த கழியால் அண்டாவை நெம்பித் தள்ளினாள். கொதிக்கிற நெல்லும் தண்ணியும் முற்றமெல்லாம் ஓடியது. பிறகு பக்கெட்டு பக்கெட்டாகத் தண்ணி ஊற்றி, மிச்ச வாத்துகளை விரட்டி அடைத்தாள். 

"தெரிஞ்சுதான் விட்டீங்களா?" என்று மாரியப்பன்தான் கேட்டான்.

பக்கிரிக்குப் பொய் வரவில்லை. "தெரியும். சொல்லல."

"ஏண்ணே?"

"வேல போயிடும்னுதான்."

மாரியப்பன் சிரித்தான். சிரிப்பா அது. "எனக்குப் படகு போனப்ப நான் எவன் சோத்துலயும் மருந்து கலக்கலண்ணே."

"நாங் கலக்கல."

"ஆமா. நீங்க பேருதான் போட்டீங்க."

எல்லையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டுக்கு ஓடி வந்துட்டீங்க சரி. இந்தப் போனு பதினோரு ஊர்ல இருக்குல்ல. மத்த ஒம்பது ஊருக்கும் பஸ் ஏறப் போறீங்களா?"

பஸ்ஸில் வரும்போது இது அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னிடம் நல்லபடியாகப் பேசிய ஒருத்தன் சாகக் கூடாது என்பதோடு அவர் யோசனை நின்றிருந்தது. அவர் பொய் சொன்னது ராம்கியை மனசில் வைத்து, போய்ச் சேர்ந்தது ஊரூருக்கு. திரும்பி நடந்து, பஸ் ஏறி, நேராகக் கீழமருதங்குடிப் பேரூராட்சி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்.

செயல் அலுவலர் பிரகதீஸ்வரி உள்ளே அழைத்தார். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அனுராதாவும் அன்றைக்கு வந்திருந்தார். மரத்துக்கு ஏதோ மாநாட்டில் பாராட்டு கிடைத்திருந்தது. மேசையில் இனிப்புப் பெட்டி திறந்திருந்தது. ராம்கி ஒரு மைசூர்பாகைக் கடித்தபடி நின்றான். பக்கிரி உட்காராமல், நெல்லைப் பற்றியும் வாத்தைப் பற்றியும் அண்டாவைப் பற்றியும் சொன்னார். தெரிந்தே மறைத்தேன் என்றும் சொன்னார்.

"மேடம் நேருக்கு நேரா கேக்கலியா" என்றார் பிரகதீஸ்வரி. "வேற நெல்லு இருக்கான்னு."

"கேட்டாங்க. இல்லன்னேன்."

"மனுஷன் செத்துருந்தா?"

"அதான் வந்துருக்கேன்."

"பாத்தீங்களா மேடம்" என்றான் ராம்கி, வாயில் மைசூர்பாகோடு. "நான் சொல்லல, இந்தப் பெருசுங்களப் பத்தி."

"நீ சொன்னத கேட்டுட்டுத்தாண்டா மறைச்சேன்" என்றார் பக்கிரி. "தகரத்துக்குக் காது கெடயாதுன்னு நெனச்சியா."

அனுராதா இதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வேலையில் கெட்டிக்காரர். உடனே 'நெல்' என்பதற்குக் கீழே 'மருந்து நெல்' என்று புதுப் பெட்டி போட்டு, ஆபத்தான குப்பைக்குக் கோடு இழுத்தார். பிறகு கேட்டார்:

"சாயம் போயிட்டா எப்படி ஐயா கண்டுபிடிக்கிறது? ஏதாவது அடையாளம் சொல்லுங்க. பை?"

"சில பேரு சாக்குல மாத்திடுவான்."

"அப்போ?"

"மோந்து பாக்கணும்."

"எப்படி இருக்கும் அந்த வாசம்?"

  பக்கிரி இந்த முறை மறைக்கவில்லை; சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. "நாறும். தொண்டையில உக்காரும். சாணி நாத்தம் இல்ல, பூச்சிமருந்து நாத்தமும் இல்ல. ஒரு மாதிரி, தகரத்த நக்குன மாதிரி."

அனுராதா தட்டினார்: 'மணம்: விரும்பத்தகாதது.' வாசித்தும் காட்டினார்.

"எங்க கெடங்குல எதும்மா விரும்பத் தகுந்தது?" என்றார் பக்கிரி.

யாரும் சிரிக்கவில்லை. அனுராதா அழித்தார். வேறு எழுதினார். அதையும் அழித்தார். படித்த படிப்பெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு நாற்றத்தைப் பெட்டிக்குள் போட முடியாமல் அவர் தவிப்பதைப் பார்க்கும்போது, வேறு நாளாக இருந்தால் பக்கிரிக்குக் குளிர்ந்திருக்கும்.

"அழிங்க" என்றார் அவர். "ரெண்டு பொட்டி வேணாம். ஒண்ணே இருக்கட்டும். நெல்லு எது வந்தாலும் குழின்னு போட்டுருங்க. நல்லது, கெட்டது, செவப்பு, வெள்ளை, எல்லாம் குழி. மாரியப்பன் மாதிரி ஆளு மோந்து பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

"நல்ல நெல்லும் போயிடுமே ஐயா" என்றார் அனுராதா. "எவ்வளவு மூட்டை வரும்னு நீங்கதான் சொன்னீங்க."

"போவும்."

ஒப்புதல் பெயரைக் கேட்டது கம்ப்யூட்டர். யாருடைய பெயரைப் போடுவது என்று அனுராதா தயங்கினார். "என் பேரையே போடுங்க" என்றார் பக்கிரி. பிரகதீஸ்வரி ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டுப் பேசினார். மாசக் கடைசியோடு பக்கிரி வர வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. ராம்கி இனிப்புப் பெட்டியை மூடினான்.

வீட்டில் அகிலாண்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அறிஞரு" என்று மட்டும் சொன்னாள்.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொள்முதல் நிலையத்து லாரி வந்தது. பதினெட்டு மூட்டை. குறுவை நெல், தரையைக் கூட்டி அள்ளியது, இரண்டு நாள் மழை நனைந்தது. பக்கிரி ஒரு பிடி அள்ளி மோந்தார். மண் வாசனையும் நெல் வாசனையும். நீலாம்பாள் போனில் கேட்டாள். அது குழி என்றது. கடைசியில் பக்கிரி பெயரைச் சொன்னது.

வாத்துக்கார இளையபெருமாள் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் வந்து நின்றார்.

"என்னா பக்கிரி, கட்டி வைக்கலியா?"

"நெல்லு கெடயாது. குழி."

"வெளையாடாத. நல்ல நெல்லு."

"நல்ல நெல்லுதான். தர மாட்டேன்."

"இங்க எவனும் பாக்கல. ஒரே ஒரு மூட்டை."

"நான் ஒண்ணு குடுத்தா ஓடத்துறைல ஒருத்தன் ஒண்ணு குடுப்பான். அவனுக்கு மோந்து பாக்கத் தெரியாது. போயிருங்க."

இளையபெருமாள் போகவில்லை. வேலியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முதல் மூட்டையிலிருந்து பதினெட்டாவது மூட்டை வரைக்கும் நின்று திட்டினார். குடியானவன் வீட்டுல பொறந்தவன் நெல்லைப் புதைப்பானா என்றார். இந்தக் கைக்குப் புழு வைக்கும் என்றார். பக்கிரியின் அப்பாவைப் பெயர் சொல்லித் திட்டினார். பக்கிரி ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினார். குழி பொன்னிறமாக நிறைந்தது. நீலாம்பாள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடினார். கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு மறுபடியும் மண்ணை விலக்கி, சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்து நெல் மேல் கனமாகத் தூவினார்.

"இது மருந்து நெல்லு இல்லியே, இதுக்கு எதுக்கு சுண்ணாம்பு?" என்றாள் நீலாம்பாள்.

"நனைஞ்ச நெல்லு. விட்டா நாலு நாள்ல முளைச்சுப்புடும்" என்று சொல்லி, மண்ணை மூடி மேலே ஏறி நின்று மிதித்தார் பக்கிரி.